கணினிப் பட்டியலில் அன்பழகன் முன்னால் வந்த கதை



குறுவை அறுப்பு முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது. அதனால் இந்தப் பதிவு நீளமாகத்தான் இருக்கும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் துறையில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். இது முக்கியமாக உங்களுக்குத்தான்.

முன்னாள் மாணவர் சந்திப்புக்காகப் போன மாசி மாதம் பெயர்ப் பட்டியல் தயாரித்தோம் அல்லவா? வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு அனுப்பிய பெயர்களை எல்லாம் சேர்த்து, இரட்டிப்பை நீக்கி, அகரவரிசைப்படுத்த உங்களில் ஒருவன் சின்னதாக ஒரு கருவி எழுதினான். சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். ‘முப்பது வரி நிரல்தான் ஐயா, அரை மணி நேர வேலை’ என்றான். பட்டியல் வந்தது. பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

1994-இல் பத்தாம் வகுப்பு படித்த அந்தப் பிரிவில் அகரத்தில் தொடங்கும் பெயர்கள் ஐந்து. அமுதா, அருணாசலம், அழகப்பன், அறிவழகன், அன்பழகன். வருகைப் பதிவேட்டில் ஒரு வருஷம் முழுக்க நான் கூப்பிட்ட வரிசை அது. இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன். கணினி கொடுத்த பட்டியலிலோ அன்பழகன் முதலில் நிற்கிறான். அப்புறம் அமுதா, அருணாசலம், அறிவழகன், அழகப்பன்.

தம்பியைக் கூப்பிட்டேன். “ஏம்ப்பா, ‘ன’ கடைசி எழுத்தாச்சே. அது எப்படி ‘ம’வுக்கு முன்னால வந்துச்சு?”

“அது கம்ப்யூட்டர் போட்ட வரிசை ஐயா. தப்பா இருக்காது.”

முப்பத்து நான்கு வருஷம் தமிழாசிரியராக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்? வந்தது. ஆனால் அவன் நல்ல பிள்ளை. அன்று ராத்திரியே காரணத்தைத் தேடிப் பிடித்துவிட்டுப் போன் செய்தான்.

விஷயம் இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு, அதாவது ஒருங்குறி, ஒரு எண் கொடுத்திருக்கிறது. தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம். அந்த இடங்களை நம் நெடுங்கணக்குப்படி நிரப்பவில்லை. 1980களில் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்திய அரசு வகுத்த இஸ்கி என்ற குறியீட்டு முறையை அப்படியே ஒட்டி நிரப்பினார்கள். அது தேவநாகரி வரிசையை அடியாகக் கொண்டது. அதில் ‘ந’வுக்குப் பக்கத்திலேயே ‘ன’, ‘ர’வுக்குப் பக்கத்திலேயே ‘ற’, ‘ல’வுக்குப் பின்னால் ‘ள’, ‘ழ’, அதற்கப்புறம்தான் ‘வ’. சாதாரணமாக ‘வரிசைப்படுத்து’ என்று நிரலில் எழுதினால் கணினி இந்த எண் வரிசையைத்தான் பிடித்துக்கொண்டு போகும். அன்பழகன் முன்னால் வந்தது அப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் அகராதிகளில் ‘க்’ முந்தி, ‘க’ பிந்தி. ஆகவே நம் பக்கத்துப் பெயரான பக்கிரிசாமி முதலில் வர வேண்டும், பகவதி அப்புறம். எண் வரிசையில் புள்ளி எல்லா எழுத்துக்கும் பின்னால் இருப்பதால் இதுவும் தலைகீழாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் மருந்து இல்லாமல் இல்லை. எந்த மொழிக்கு எந்த வரிசை என்ற விதிகளை யூனிகோடு அமைப்பே தனியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. தமிழுக்கும் உண்டு. “அதைக் கூப்பிட்டிருந்தால் ரெண்டு வரியில் முடிந்திருக்கும் ஐயா, எனக்குத் தோணலை” என்றான் தம்பி. ஏன் தோன்றவில்லை? அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

சின்னக் கருவிகள் என்றால் என்ன என்று உறவினர்கள் சிலர் கேட்கலாம். பெரிய மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளும் கைக்கருவிகள் அவை. நமக்குக் கருக்கரிவாள், மண்வெட்டி மாதிரி. வரிசைப்படுத்த ஒன்று, தேட ஒன்று, சொல் எண்ண ஒன்று, இரண்டு கோப்புகளுக்கு என்ன வித்தியாசம் என்று காட்ட ஒன்று. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970களில் யூனிக்ஸை உருவாக்கியவர்கள் இந்த வழக்கத்தை வளர்த்தார்கள். ஒரு கருவி ஒரு வேலையைத்தான் செய்யும், ஆனால் அதை ஒழுங்காகச் செய்யும். சார்ட், கிரெப், டிஃப் என்று அவர்கள் வைத்த பெயர்களை உங்கள் பிள்ளைகள் இன்றும் தினம் தட்டுகிறார்கள். இப்படிப்பட்ட கருவியில் ஒரு பிழை இருந்தால் அது அங்கேயே நிற்காது. அதை எடுத்துப் பயன்படுத்தும் பெரிய மென்பொருள்களுக்கெல்லாம் போய்ச் சேரும். தலைமடையில் கலந்த உப்பு கடைமடை வரைக்கும் வருகிற மாதிரி.

எண்ணும் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி என்னிடம் ஒரு வேடிக்கை காட்டினான். ‘தஞ்சாவூர்’ என்று தட்டி, இதில் எத்தனை என்று கேட்டான். ஒரு முறை 27 என்றது. இன்னொரு முறை 9 என்றது. முதலாவது பைட்டுக் கணக்கு, இரண்டாவது குறியீட்டுக் கணக்கு. புள்ளி, கால், சுழி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் 9. ஒவ்வொன்றும் மூன்று பைட்டு என்பதால் 27. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் த, ஞ், சா, வூ, ர் என்று விரல் மடக்கி 5 என்று சொல்லும். என்னைக் கேட்டால், கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுவதாக இருந்தால் ஒற்றைத் தள்ளிவிட்டு 3 என்பேன். நான்கு விடையும் சரி. தான் எண்ணுவது எது என்று சொல்லாத கருவிதான் தப்பு. விண்ணப்பப் படிவத்தில் ‘20 எழுத்துகளுக்குள்’ என்று போட்டுவிட்டு உள்ளே குறியீட்டை எண்ணினால், பாதிப் பெயரோடு நிற்கிறவர் தமிழில் எழுதியவர்தான். பள்ளியிலிருந்து பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு விதத்தில் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் 160 இடம், தமிழில் எழுதினால் 70.

சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் இன்னும் வேடிக்கை. தஞ்சாவூர் என்பதைக் கடைசியிலிருந்து எழுதினால் ‘ர்வூசாஞ்த’ என்று வர வேண்டும். குறியீடு குறியீடாகத் திருப்பினால் ‘ரூவாச்ஞத’ என்று வந்து, அதற்கு முன்னால் ஒட்ட இடமில்லாமல் ஒரு புள்ளி அநாதையாக நிற்கிறது.

நான் தம்பியைக் கேட்டேன். “பட்டியலை அனுப்புறதுக்கு முன்னால இந்தக் கருவியைச் சோதிச்சியா?”

“சோதிச்சேன் ஐயா.”

“எந்தச் சொல்லை வச்சு?”

“அம்மா, அப்பா, தமிழ், வணக்கம்.”

சிரிப்பு வந்துவிட்டது. அப்பா, அம்மா, தமிழ், வணக்கம். அந்த நான்கையும் எண் வரிசையில் அடுக்கினாலும் இதே வரிசைதான், அகராதி வரிசையில் அடுக்கினாலும் இதே வரிசைதான். எந்தக் கருவியும் அதில் தோற்காது. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து ஒன்று இல்லை. ‘ற’ இல்லை, ‘ன’ இல்லை. ஔகாரம் இல்லை, வடவெழுத்து இல்லை. எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்றே எடுத்த கேள்வித்தாள் அது.

பொதுத்தேர்வுத் திருத்தும் முகாமுக்குப் போன ஆசிரியர்களுக்குத் தெரியும். விடைத்தாளைத் தொடுவதற்கு முன்னால் விடைக்குறிப்பைக் கையில் கொடுப்பார்கள். விடைத்தாளைப் பார்த்துவிட்டு அப்புறம் விடைக்குறிப்பு எழுதுவது என்பது கிடையாது. கருவிச் சோதனையும் அப்படித்தான் என்று தம்பி விளக்கினான். இந்தச் சொல்லைக் கொடுத்தால் இந்த விடைதான் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் எல்லாக் கேள்விகளையும் மறுபடி கேட்க வேண்டும். நேற்றுச் சரியாகச் சொன்னது இன்று தப்பினால் உடனே தெரிந்துவிடும்.

“சரி, அப்ப விடைக்குறிப்பு நான் எழுதித் தர்றேன்” என்றேன். இரண்டு பேருக்கும் அப்படித்தான் கூட்டு ஏற்பட்டது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். வெளியே எங்கும் போகவில்லை, நம் ஊர்ப் பெயர்களே போதும். கொள்ளிடம் என்று எழுதுங்கள். அதில் ‘கொ’வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு படியைக் கருவி எழுதுகிறவர் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒரு கொள்ளிடத்தைத் தேடும்போது இன்னொரு கொள்ளிடம் அகப்படாது. கும்பகோணத்தின் ‘கோ’வுக்கும் இதே கதை. எங்கள் பட்டியலில் இரட்டிப்பை நீக்கிய பிறகும் கும்பகோணத்துக்காரர் ஒருவர் இரண்டு முறை வந்தது இதனால்தான். அவருக்கு இரண்டு சாப்பாட்டு டோக்கன் போட இருந்தோம்.

ஸ்ரீ இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உள்ளது. ‘ஸ’வைப் போட்டும் அதை எழுதலாம். ‘ஶ’ என்று ஒரு எழுத்து 2005-இல் தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது, அதைப் போட்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே உருவம். கொள்ளிடத்துக்குச் சொன்ன அந்தச் சமன்பாடு இதற்குக் கிடையாது, இரண்டும் வேறு வேறு என்றே கணினி நினைக்கும்.

இது வெறும் எழுத்து விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்காக, என் அத்தான் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அத்தை மகன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். பெயர் ஸ்ரீ என்று தொடங்கும். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அறுப்புக்கு இருந்த சம்பா ஒரு வருஷம் தை மழையில் சாய்ந்து முளைத்துப்போனது. நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தார். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திரும்பி வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பதிவில் இருக்கும் பெயரையும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது. ஆனால் கணினி ஏற்கவில்லை. மூன்று முறை பஸ் ஏறிப் போனார். மூன்றாவது முறை போய் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, “என் பேரு நான்தான்னு யாருகிட்டடா சொல்றது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தம்பியிடம் இதைச் சொன்னபோது இரண்டு பெயரையும் நகலெடுத்து அனுப்பச் சொன்னான். அவன் கருவியில் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது எந்தெந்தக் குறியீடுகளால் ஆனது என்று வரிசையாகப் பிரித்துக் காட்டும். எங்கள் நோட்டுக்காகவே எழுதியது, ஒரு பத்து வரி இருக்கும். ஒரு பெயரில் ‘ஸ’ இருந்தது, மற்றதில் ‘ஶ’. விண்ணப்பம் ஏற்றிய மையத்துப் பையனிடம் பெயரைத் தட்டாமல், பதிவிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டச் சொன்னோம். ஏற்றுக்கொண்டது. பணமும் பின்னால் வந்தது. இதுதான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஒட்டியதும் ஏற்றுக்கொண்டது என்பது மட்டும்தான் நான் கண்ணால் பார்த்தது.

நம் பிள்ளைகளில் சிலருக்கு ஒரு எண்ணம் உண்டு. தமிழில் கருவி என்பது ஏதோ தொண்டு, பொழுதுபோக்கு, பொங்கல் மலருக்குக் கட்டுரை எழுதுவது மாதிரி என்று. அப்படி இல்லை. பட்டா, குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் தமிழில் பெயர் இருக்கிறது. அதைத் தேடும், ஒப்பிடும், வரிசைப்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் உங்களைப் போல ஒருவர் எழுதிய சின்னக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தால் மறுநாள் பத்திரிகையில் பூத்தூவும் படம் வந்துவிடும். ஆனால் பேராவூரணிக்காரரும் வேதாரண்யத்துக்காரரும் தங்கள் வாய்க்காலில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் வந்தது என்று சொல்வார்கள். உங்கள் கருவி ஓடுகிறது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வது மேட்டூர்ச் செய்தி. என் அத்தான் பெயர் அதில் தேறுகிறதா என்று பார்ப்பது கடைமடைக்குப் போய்ப் பார்ப்பது.

இதைச் செய்தவர்கள் நமக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே அவர்களுக்குக் கடன்பட்டவன். தட்டச்சுப் பொறியில் கற்றவர்களுக்கு நினைவிருக்கும், ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். பழைய கணினி எழுத்துருக்களும் இதே முறைதான். யூனிகோடில் ‘க’ முதலில் வர வேண்டும், குறி அப்புறம். ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி எழுத்துரு வேறு, குறியீடும் வேறு. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். நான் எங்கள் ஊர்க் கோயில், குளம், வாய்க்கால் பற்றிப் பல வருஷம் சேர்த்த குறிப்புகளைத் தஞ்சையில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து பாமினியில் அடித்து வைத்திருந்தேன். கடை மூடிவிட்டது, கணினியும் மாறிவிட்டது. வட்டைத் திறந்தால் எல்லாம் எம், கே, அரைப்புள்ளி. வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

அதைக் காப்பாற்றியது ஒரு எழுத்துரு மாற்றி. யாழ் சுரதா என்று அறியப்பட்டவர் எழுதிய ‘பொங்குதமிழ்’ என்ற சின்னப் பக்கம். மேலே பழைய எழுத்தை ஒட்டினால் கீழே யூனிகோடில் வந்துவிடும். பிறகு சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்எச்எம் மாற்றியையும் பயன்படுத்தினேன். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு என்று தொடங்கிவிட்டார். எ-கலப்பை என்று ஒரு தட்டச்சுக் கருவிக்குப் பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷம். ஏர் பிடித்த ஊர்க்காரனுக்கு வேறு என்ன பெயர் பிடிக்கும்? சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றினார். அந்த நூல்களும் எழுத்துரு மாறும்போதெல்லாம் கூடவே மாறி வந்திருக்கின்றன. மாற்றி என்ற சின்னக் கருவி இல்லாவிட்டால் அதெல்லாம் என் வட்டு மாதிரிதான் ஆகியிருக்கும்.

இன்றைக்கு நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொன்று இருக்கிறது, ஓப்பன் தமிழ் என்று. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தானில் எழுதிய நிரல் தொகுப்பு. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது, நெடுங்கணக்குப்படி அடுக்குவது, பழைய குறியீட்டிலிருந்து மாற்றுவது எல்லாம் அதில் ஆயத்தமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அதில் பிடித்தது, சோதனைகளும் நிரலோடு சேர்ந்தே கிடப்பது. அந்தக் கோப்புகளைத் தம்பி திறந்து காட்டினான். நிரல் எனக்குப் புரியவில்லை. ஆனால் ‘இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்’ என்று தமிழ்ச் சொற்கள் இருப்பது புரிந்தது. அட, இது விடைக்குறிப்புதானே!

என் புத்திசாலித்தனம் எல்லை மீறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். கௌரி, மௌனம், பௌத்தம் என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’கரமும் போட்டு கெளரி, மெளனம், பெளத்தம் என்று தட்டிவிடுகிறார்கள். பார்வைக்குத் தெரியாது, எண்ணினால் ஓர் எழுத்து கூடிவிடும். ஔவையாரும் அப்படியே, நான்கு எழுத்து ஐந்தாகிவிடும். நான் தம்பியிடம், “கொம்பு போட்ட எழுத்துக்கு அப்புறம் ளகரம் வந்தா ஔகாரமா மாத்திடு” என்று அதிகாரமாகச் சொன்னேன். அவனுக்குச் சந்தேகம் இருந்தது. ஐயா சொல்கிறாரே என்று மாற்றிவிட்டான்.

அடுத்த நாள் என் ஊர்க் குறிப்புகளை அதில் போட்டோம். கொள்ளிடத்து மீன்கள் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதில் கெளுத்தி மீன் கந்தலாகிவிட்டது. ‘கௌ’வுக்கு அப்புறம் தனியாக ஒரு உகரச் சுழி தொங்குகிறது. வெளி, தெளிவு, களத்துமேட்டில் தெளித்த தண்ணீர் எல்லாம் சேதம். அம்மா, அப்பா, தமிழ், வணக்கம் நான்கும் பத்திரமாக இருந்தன. அவற்றை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இந்தக் கருவியை ‘அருமை’ என்று உலகத்துக்குக் கொடுத்திருப்போம். பிற்பாடு கவனித்தேன், வெளி, தெளிவு போன்ற சொற்களை இதே மாதிரி ஔகாரமாக்கி உடைத்த பக்கங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. எங்களுக்கு முன்னாலேயே யாரோ ஒரு ஐயா அதிகாரம் பண்ணியிருக்கிறார்.

இப்போது விதியைத் திருத்திவிட்டோம். ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இல்லாமல் வெறுமனே நின்றால் மட்டும் ஔகாரமாகக் கொள்கிறது. அதையும் தானாக மாற்றாது, ‘இது கௌரியா?’ என்று கேட்கும். பெயர் அவருடையது, ஆகவே மாற்றும் உரிமையும் அவருடையது என்று தம்பி சொன்னான். அவன் சொன்னதுதான் சரி. இந்த விதியில் மாட்டிக்கொள்ளும் நல்ல தமிழ்ச் சொல் யாருக்காவது அகப்பட்டால் கீழே எழுதுங்கள். கெளுத்தி நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இதைப் பற்றிப் பேசும்போது இன்னொரு மாணவர் குழுவில் எழுதினார், ‘இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவே நிரலும் எழுதிவிடுகிறது, சோதனையும் எழுதிவிடுகிறது ஐயா, நீங்கள் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்’ என்று. அக்கறையோடு கேட்டதுதான். நானும் தம்பியும் முயன்று பார்த்தோம். நிரலை நொடியில் எழுதியது, எனக்கே பிரமிப்பாக இருந்தது. தமிழ்ச் சோதனைச் சொற்கள் கேட்டோம். அம்மா வந்தார், அப்பா வந்தார், வணக்கமும் வந்தது. மறுபடி மறுபடிக் கேட்டபோது வேறு நல்ல சொற்களும் கொடுத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்ததால் கேட்டோம். பக்கிரிசாமியையும் கெளுத்தியையும் அதனிடம் கொண்டுபோனது நாங்கள். மாணவனே விடைத்தாளும் எழுதி விடைக்குறிப்பும் எழுதி மதிப்பெண்ணும் போட்டுக்கொள்கிற தேர்வை நீங்கள் ஏற்பீர்களா? நிரலை யார் வேண்டுமானாலும் எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. விடைக்குறிப்பை அந்த மொழியோடு வாழ்ந்தவர் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொரு வருத்தமும் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்று செய்து பெயர் வைப்பதில் இருக்கும் ஆசை, இருப்பதைச் சோதிப்பதில் இல்லை. கல்லூரி இறுதி ஆண்டுத் திட்டம் என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ‘புதிய தமிழ் எழுத்துரு மாற்றி’ செய்யலாமா என்கிறார்கள். எத்தனை மாற்றி வேண்டும்? இருக்கிற மாற்றி ஒன்றை எடுத்து, பழைய கோப்பு நூறு பக்கம் போட்டு, எங்கே உடைகிறது என்று பட்டியலிட்டு, எழுதியவருக்கு அனுப்பினால் அது பெரிய திட்டம் இல்லையா? மதிப்பெண் போடும் பேராசிரியர்கள் யோசிக்க வேண்டும். புது வாய்க்கால் வெட்ட ஆள் கிடைக்கிறது, தூர்வார ஆள் இல்லை. நம் மாவட்டத்தில் இதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கணினி நமக்கு வராது என்று ஒதுங்காதீர்கள். நிரல் எழுத வேண்டாம். புணர்ச்சியில் எது மாறும், எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு முன்னால் வரும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு சோழிங்கநல்லூரில் தெரியாது. உங்கள் பழைய வருகைப் பதிவேட்டுப் பெயர் வரிசை இருக்கிறதே, அது ஒன்று போதும்.

எங்கள் நோட்டில் இதுவரை 312 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வர வேண்டிய விடை. தம்பி அதைக் கோப்பாக்கிக்கொண்டிருக்கிறான், முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுவான். எந்தப் பள்ளி, யார் எழுதியது என்ற பெயரெல்லாம் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன உதவி. உங்கள் பெயரோ, உங்கள் ஊர்ப் பெயரோ ஏதாவது படிவத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், பாதியாக வந்திருந்தால், தேடியும் கிடைக்காமல் போயிருந்தால், அந்தப் பெயரை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், சண்டை போடப்போவதில்லை. படம் எடுத்து அனுப்பாதீர்கள், எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள், அப்போதுதான் உள்ளே என்ன குறியீடு இருக்கிறது என்று பார்க்க முடியும். மென்பொருளில் இருக்கும் பிள்ளைகள், அடுத்த முறை ஒரு கருவியைச் சோதிக்கும்போது அப்பா அம்மாவோடு உங்கள் வகுப்பில் கூட உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.

சந்திப்புக்கான பட்டியலைத் திருத்தி நேற்று மறுபடி குழுவில் போட்டிருக்கிறேன். ஐந்து பேரும் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரு நாள் முதல் ஆளாக நின்றவரிடமிருந்து மட்டும் செய்தி வந்தது: ‘ஐயா, நாப்பது வருஷம் கழிச்சு ஒரு தடவை முன்னால வந்தேன், அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?’ முப்பது வருஷம்தான் ஆகிறது என்று பதில் போட்டிருக்கிறேன். கணக்கில் அவர் அப்போதும் அப்படித்தான்.